குளத்துக் கரையில் எடுத்த படத்தை ஊர் பேர் தெரியாதவருக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

கேள்வி இது: "தென்காசிப் பக்கம் பள்ளி ஆசிரியை நான். காலையில் குளத்துக் கரையில் நடக்கும்போது பறவை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் போனில் படம் எடுப்பேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் என்று பார்த்த உயிர்களைப் பதிவு செய்யும் இணையதளங்கள் இருக்கின்றன, அவற்றில் போடலாமே என்று ஒருவர் சொன்னார். ஆனால் வீட்டுக்காரர், 'நாம போற இடம் வர்ற இடமெல்லாம் எவனோ ஒருத்தனுக்கு எதுக்குத் தெரியணும்' என்கிறார். போடலாமா? போட்டால் என்ன பயன்? என் மகனுக்குப் பத்து வயது, அவனும் கேட்கிறான்."

போடுங்கள் டீச்சர். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் பயனைச் சொல்லிவிடுகிறேன்.

குடும்பக் குழுவில் உங்கள் படத்துக்கு என்ன கிடைக்கிறது? இரண்டு கைகூப்பு, ஒரு பூங்கொத்து, சித்தப்பாவின் "சூப்பர்மா". காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பூச்சி எது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. முகம் தெரியாதவர் வேறு மாதிரி. உங்களைத் தெரியாததால் உங்கள் மனசு கோணுமே என்று பார்க்க மாட்டார். "இது நீங்கள் நினைத்தது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். படம் எடுப்பதை வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் ஒரு படிப்பாக மாற்றுவது அந்த ஒரு வரிதான். லைக் எண்ணிக்கைக்காகப் போடுவதென்றால் இன்ஸ்டாகிராமே போதும். திருத்தப்படுவதற்காகப் போடுகிறீர்கள் என்றால்தான் நான் இனிச் சொல்லப்போவது பயன்படும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி உங்கள் குளத்துக் கரையில் நிச்சயம் இருக்கும். ஆரஞ்சு நிறம், இறக்கை நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. எருக்கஞ்செடி இருக்கும் இடத்தில் அது இருக்கும், ஏனென்றால் அதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. எருக்கம்பாலின் நஞ்சு உடம்பில் ஏறிவிடுவதால் பறவைகள் அதை ஒரு தடவை கொத்தினால் மறு தடவை தொடாது. இந்தப் பாதுகாப்பை ஓசியில் வாங்கிக்கொள்ள இன்னொரு வண்ணத்துப்பூச்சி அதே வேஷம் போட்டிருக்கிறது: டனாய்ட் எக்ஃப்ளை என்பதன் பெண். ஆணைப் பார்த்தால் சம்பந்தமே இருக்காது. கறுப்பு இறக்கை, வெள்ளைப் பொட்டுகள், ஓரத்தில் ஊதா மினுமினுப்பு. பெண் மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன்.

உங்கள் போனில் இருக்கும் "வெந்தய வரியன்" படங்களை எடுத்துப் பின் இறக்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுப்பகுதியைச் சுற்றி மூன்று கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன் பெண், நான்கு இருந்தால் ஆண். மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அது வேஷக்காரி. இதைப் பள்ளிப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் முகம் தெரியாத ஒருவர்தான், படத்தின் கீழே "பின் இறக்கைப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்" என்று எழுதிச் சொல்லிக் கொடுத்தார். பெயரைக்கூட அவர் நேரடியாகச் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். வாத்தியார் வேலை பார்ப்பவர் நீங்கள், அதில் உள்ள நயம் உங்களுக்குப் புரியும்.

கொக்கும் அப்படித்தான். வயலில் நிற்பதை எல்லாம் கொக்கு என்று விட்டுவிடுகிறோம். மாட்டோடு திரிவது உண்ணிக்கொக்கு. கறுத்த அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. பெரியதும் நடுத்தரமும் தான் குழப்பும். வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. தூரத்தில் எடுத்த போன் படத்தில் இது தெரியாமல் போகலாம். அப்போது "கொக்கு இனம்" என்று மட்டும் போட்டு விட்டுவிடுங்கள். தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்ல அங்கே இடம் இருக்கிறது, அதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை.

இரண்டு தளத்துக்கும் என்ன வித்தியாசம் என்றால், ஈபேர்ட் பறவைகளுக்கு மட்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது. அதில் படம் முக்கியமில்லை, பட்டியல்தான் முக்கியம். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், என்னென்ன பறவை, எத்தனை. ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களின் முதுகலைப் பட்ட வேலையாக ஆரம்பித்தது. செடி, பூஞ்சை, சிலந்தி, ஓணான் எதை வேண்டுமானாலும் போடலாம், படமோ ஒலியோ இருந்தால் போதும். பறவைக் குரலைப் பதிவு செய்யும் பழக்கம் வந்தால் ஜெனோ-கான்டோ என்று ஒரு தளம் 2005-லிருந்து இருக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள் குரல்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இப்போதைக்கு முதல் இரண்டும் போதும்.

ஈபேர்டில் பட்டியல் போடும்போது "பார்த்த எல்லாப் பறவையையும் குறித்தீர்களா" என்று கேட்கும். புதிதாக வருகிறவர்கள் இதை அலட்சியமாகத் தாண்டிவிடுவார்கள். மயில், மைனா, காக்கை இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டு, அபூர்வமாகத் தெரிந்ததை மட்டும் போடுவார்கள். அந்தப் பட்டியலால் பெரிய உபயோகம் இல்லை. எல்லாவற்றையும் குறித்தேன் என்று நீங்கள் சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்று கணக்கில் எடுக்க முடியும். ஒரு பறவை குறைகிறதா கூடுகிறதா என்பதை, நூறு பட்டியலில் எத்தனையில் அது வந்தது என்று பார்த்துத்தான் கணிக்கிறார்கள். காக்கையைக் குறிக்காத பட்டியல்கள் பெருகினால் காக்கை குறைந்துவிட்டது என்று கணக்கு சொல்லும்.

இந்தியப் பறவைகளின் நிலை என்று 2023-ல் வந்த அறிக்கை இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்துத்தான் எழுதப்பட்டது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள் போட்ட சுமார் 3 கோடிப் பதிவுகள், 942 பறவையினங்கள். அதில் 178 இனங்களை உடனடியாகக் கவனிக்க வேண்டியவை என்று பிரித்தார்கள். பட்டியல் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. வங்கியில், கடையில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. உங்கள் குளத்தைப் பற்றி அந்த 3 கோடியில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. சின்ன ஊர்க்குளம் எல்லாவற்றையும் யார் போய்ப் பார்க்கிறார்கள்? கூந்தன்குளத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் போக ஆள் உண்டு.

ஐநேச்சுரலிஸ்டில் ஒரு தொல்லை இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தை ஏற்றியதும் கணினியே ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். பல தடவை சரியாக இருக்கும், சில தடவை வேறு கண்டத்துப் பூச்சியின் பெயரைத் தயங்காமல் சொல்லும். நீங்கள் அதை ஏற்றுக்கொள்வீர்கள். பிறகு இன்னொருவர் வந்து வேறு பெயர் சொல்வார். இங்கேதான் நம் மரியாதைக் குணம் குறுக்கே வருகிறது. பெரியவர் சொல்லிவிட்டார், நன்றி சொல்கிற மாதிரி இருக்கட்டுமே என்று "ஒப்புக்கொள்கிறேன்" பொத்தானை அமுக்கிவிடுவோம். அந்தத் தளத்தில் குறைந்தது இரண்டு பேர் ஒரே இனப்பெயரைச் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு "ஆய்வுத் தரம்" ஆகிவிடும். அங்கிருந்து கோபன்ஹேகனில் இருக்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் கிடங்குக்குப் போய், ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். நீங்கள் மரியாதைக்கு அமுக்கியது, இரண்டு பேர் தனித்தனியே பார்த்து உறுதி செய்த மாதிரி அங்கே போய் உட்காரும். நன்றி சொல்ல வேண்டுமானால் கீழே எழுதிச் சொல்லுங்கள். அவர் சொன்ன அடையாளத்தை நீங்களே படத்தில் பார்த்துவிட்டீர்கள் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள், தமிழிலேயே கேட்டாலும் பரவாயில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பிடிக்காதவர்களின் பதிலுக்குப் பெரிய மதிப்பும் இல்லை.

இனி உங்கள் வீட்டுக்காரரின் பாதி.

அவர் பயப்படுவது படத்தைப் பற்றி இல்லை, இடத்தையும் நேரத்தையும் பற்றி. அது சரியான பயம்தான். ஒரு கொக்குப் படத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் "தினமும் காலை 6 மணி, இந்தக் குளம், இன்னார்" என்று ஆறு மாதம் பதிவானால் அது உங்கள் நடமாட்டத்தின் கால அட்டவணை. அதிலும் நீங்கள் தனியாகப் போகிறவர். 2017 நவம்பரில், ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி எல்லோரும் ஓடிய தடங்களையும் சேர்த்து ஒரு உலக வரைபடமாக வெளியிட்டது. அதில் பாலைவனத்து ராணுவ முகாம்களின் உள்பாதைகள் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் கவனித்தார்கள். சிப்பாய்கள் ஒரு ரகசியத்தையும் வெளியே சொல்லவில்லை, உடற்பயிற்சியை மட்டுமே பகிர்ந்தார்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. ஐநேச்சுரலிஸ்டில் முழுப் பெயர் தேவையில்லை, ஏதாவது ஒரு புனைபெயர் போதும். முகப்புப் படத்துக்கு உங்கள் முகத்துக்குப் பதிலாக ஒரு தும்பியைப் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் இடத்தைத் திறந்து வைக்கலாம், மங்கலாக்கலாம், முழுக்க மறைக்கலாம் என்று மூன்று வழி உண்டு. வீட்டு மாடி, தோட்டம், பள்ளி வளாகம், தினம் நடக்கும் கரை எல்லாவற்றுக்கும் மங்கலாக்குவதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் 0.2 பாகை அகல நீளக் கட்டத்துக்குள், அதாவது நம் பக்கத்தில் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள், எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்களுக்குக் காட்டும். தேதியையும் மறைத்து மாதத்தை மட்டும் காட்டும். தேதியை ஏன் மறைக்கிறார்கள் என்றால், அதே நாளில் நீங்கள் திறந்து வைத்த இன்னொரு பதிவை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம் என்பதால்தான்.

ஈபேர்டில் இப்படி மங்கலாக்கும் வசதி இல்லை. பட்டியலில் பெயர், நாள், நேரம், இடம் எல்லாம் தெரியும். அமைப்புகளில் போய்ப் பெயரை "அநாமதேயம்" என்று காட்டச் சொல்லலாம், வேண்டாத பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கலாம். வீட்டிலிருந்து பார்த்ததற்கு "என் வீடு" என்று புள்ளி குத்தாமல், பக்கத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பொது இடம் வரைபடத்தில் இருந்தால் அங்கே போய்ப் பார்த்து அதன் பெயரில் போடுங்கள். அன்றன்றே போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்தின் பட்டியல்களை மொத்தமாக ஏற்றினால், நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது.

போனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். இந்தப் பழக்கத்துக்கு அது சரிவராது. படத்துக்குள் பதிந்திருக்கும் இடமும் நேரமும்தான் பதிவுக்கு உயிர். தளம் அதை வைத்துத்தான் வரைபடத்தில் குறிக்கிறது. படத்தில் இடக்குறிப்பு இருக்கட்டும், வெளியே காட்டுவதில் கட்டுப்பாடு வையுங்கள். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும். "தரம் குறையக் கூடாது" என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். அறிமுகமில்லாதவர் "ஒரிஜினல் ஃபைல் அனுப்புங்க மேடம்" என்று கேட்டால் யோசியுங்கள்.

பாதுகாப்பு உங்களுக்கு மட்டும் இல்லை, படத்தில் இருக்கும் உயிருக்கும் வேண்டும். தெற்குச் சீனத்தில் கோனியூரோசாரஸ் லூயி என்று ஒரு பல்லியை 1999-ல் புதிய இனமாக விவரித்து, கிடைத்த இடத்தையும் எழுதினார்கள். செல்லப்பிராணி வியாபாரிகள் அந்தக் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு போய் அள்ளியதில், முதலில் கண்டெடுத்த இடத்திலேயே அது இல்லாமல் போனது. நம் ஊரில் நட்சத்திர ஆமையைக் கடத்துகிறார்கள். 2019-ல் அதை, காட்டுயிர் வியாபாரத்துக்கான சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில், வியாபாரத்தையே தடை செய்யும் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்கு என்று 2022-ல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், அந்த விலங்கைப் பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழியும் நிலையில் உள்ள பல இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கும், ஈபேர்டும் சில பறவைகளின் பதிவை மறைத்து வைக்கும். ஆனால் முகநூலில் நீங்களே "இன்ன ஊர்ப் பாறைக்குப் பின்னால்" என்று எழுதினால் எந்தத் தளமும் காப்பாற்றாது. கூடு, குஞ்சு, அடைகாக்கும் பறவை இவற்றின் படத்தைப் போடவே போடாதீர்கள். இருபது பேர் கேமராவோடு வந்து நின்றால் தாய்ப்பறவை இறங்காது, வெயிலில் முட்டை வெந்துவிடும். பல பறவைக் குழுக்களில் கூட்டுப் படத்துக்கு அனுமதியே இல்லை.

இடம் கேட்டு வருகிற தனிச்செய்திகள் நிறைய வரும். "மாவட்டம் மட்டும் சொல்கிறேன் சார்" என்று ஒரு வரி எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான ஆய்வாளர் என்றால் தன் நிறுவனம், வேலை எல்லாம் சொல்லிக் கேட்பார், காத்திருப்பார். இரண்டாவது செய்தியிலேயே கோபப்படுகிறவருக்குப் பதிலே வேண்டாம்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. படம் எடுத்த உடனே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். ஐநேச்சுரலிஸ்டில் நீங்கள் மாற்றாவிட்டால் "பெயர் போட்டு, வியாபாரம் இல்லாமல் பயன்படுத்தலாம்" என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படம் போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது போதும், ஜிபிஐஎஃப் அதை ஏற்கும். விக்கிப்பீடியாவுக்குப் போக வேண்டும் என்றால் வியாபாரத் தடையை எடுத்துவிட வேண்டும், அங்கே அந்தத் தடையோடு வாங்க மாட்டார்கள். ஒரு தடவை கொடுத்த உரிமத்தை, எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. காலண்டர் போட்டு விற்கலாம் என்று நினைக்கும் படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் படத்தை யாராவது பெயர் போடாமல் எடுத்துப் போட்டால் கோபம் வரும். ஒரு தடவை எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.

கேமரா வாங்க வேண்டாம், இப்போதைக்கு. வண்ணத்துப்பூச்சிக்கு மேலிறக்கை ஒன்று, மடித்த இறக்கையின் கீழ்ப்பக்கம் ஒன்று. இரண்டும் இருந்தால் பெயர் கண்டுபிடிப்பது பல மடங்கு சுலபம். புழுவை எடுத்தால் அது தின்கிற செடியின் இலையையும் எடுங்கள். அரளி, நந்தியாவட்டை இலையில் கொழுத்த பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் மாதிரிப் பொட்டு என்றால் செடியை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

மகனுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். ஐநேச்சுரலிஸ்டில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேர முடியாது. அந்தத் தளத்தாரே பிள்ளைகளுக்காக சீக் என்று ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். கணக்கே திறக்க வேண்டாம், கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும், படம் எங்கும் போகாது. அவன் எடுத்ததில் நல்லது இருந்தால் உங்கள் கணக்கில் போடுங்கள், "என் மகன் பார்த்தது" என்று எழுதினால் போதும், பெயரும் பள்ளியும் வேண்டாம்.

தொடங்க நல்ல நாள் பொங்கல். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று எண்ணி ஈபேர்டில் போட்டால் நீங்களும் சேர்ந்த கணக்குதான். முதல் தடவை வீட்டுக்காரரையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எண்ணுவதை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எழுதுங்கள், ஒருவரே இரண்டும் செய்தால் மைனாக்கூட்டத்தில் கணக்கு தப்பிவிடும்.